ஆத்தா விஞ்சில் ஏறிய நாள்

ஆத்தா கண்ணைக் கட்டிக்கொண்டாள். பிரசவத்துக்கென்று மடித்து எடுத்துவந்த பழந்துணிகளில் ஒன்றை உருவி, நெற்றியிலிருந்து மூக்கு வரை சுற்றி, கொண்டைக்கு மேல் முடிச்சுப் போட்டாள். அப்புறம் கையால் தடவிப் பார்த்து, அரிசி மூட்டை ஏற்றுகிற இரும்புத் தொட்டிக்குள் கால் வைத்தாள்.

தொட்டி ஆடியது. தலைக்கு மேலே, மழைத்தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்த கம்பிவடம் மெல்ல முனகியது.

"மதினி, சொன்னாக் கேளுங்க. இதுல ஆளு ஏத்தக் கூடாதுன்னு உத்தரவு. துரைக்குத் தெரிஞ்சா என் சோலி போயிரும்" என்றார் சுப்பையா சித்தப்பா. கோட்டகுடி அடிவாரத்து விஞ்சு ஸ்டேஷனில் மூட்டைகளை ஏற்றி இறக்குவது அவர் வேலை.

"ஆளுன்னு எவன் சொன்னான்? ரெண்டு மூட்டை அரிசி அனுப்புனேன்னு சொல்லு. நான் ஒரு மூட்டை. இவ ஒரு மூட்டை."

'இவ' என்றது என்னை.

"என்னடி நின்னுக்கிட்டிருக்க? சுடுதண்ணி வைக்க ஒரு கை வேணும். வெரசா ஏறு."

ஏறினேன். அவள் முழங்காலும் என் முழங்காலும் இடித்துக்கொண்டன. நடுவில் மருந்து மூட்டை: சுக்கு, கருப்பட்டி, விளக்கெண்ணெய்ப் புட்டி.

எனக்கு அப்போது பதினெட்டு வயது இருக்கும். ஜெர்மன் சண்டை நடந்துகொண்டிருந்த காலம். ஐப்பசி மழை விடாமல் கொட்டியதில், குரங்கணியிலிருந்து மேலே ஏறும் மலைப்பாதை பாதி வழியில் மண் சரிந்து காணாமல் போயிருந்தது. மலை உச்சியில், டாப் ஸ்டேஷனில், என் அக்கா பேச்சி தலைப்பிரசவ நோவில் கிடந்தாள். அவளும் ஆத்தாவும் பேசி இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

சுப்பையா சித்தப்பா மணியை அடித்தார். தரை எங்களை விட்டுவிட்டுக் கீழே போனது.

தலைச்சுமைக் காலம்

கம்பிவடத்தில் வரிசையாகத் தொட்டிகள் தொங்கிப் போகிற அந்த ஏற்பாட்டை எங்கள் பக்கத்தில் விஞ்சு என்றுதான் சொல்வோம். அது வருவதற்கு முன்னால், கோட்டகுடி ஆற்றுப் பள்ளத்தாக்கில் எல்லாமே மனிதர் தலையில்தான் ஏறியது. மனிதர் தலையில்தான் இறங்கியது.

சிலமலையிலும் ராசிங்காபுரத்திலும் விளைந்த நெல், போடியில் அரிசியாகி, மாட்டுவண்டியில் குரங்கணிக்கு வரும். வண்டிப்பாதை அதோடு சரி. அங்கிருந்து சுமைக்காரர்களின் பாடு. போகும்போது அரிசி, உப்பு, புளி, கருவாடு. வரும்போது ஏலம். சுமைக்காரர் ஒருவர் வீட்டுக்குள் நுழைகிறார் என்றால், ஆள் வருவதற்கு முன்னால் ஏலக்காய் வாசனை வந்து வாசலில் நிற்கும்.

என் அப்பாவும் சுமைக்காரர்தான். அவர் முகம் எனக்கு நினைவில்லை. உச்சந்தலைதான் நினைவிருக்கிறது. மூட்டை அழுத்தி அழுத்தி அங்கே மட்டும் மயிர் உதிர்ந்து வழவழவென்று இருக்கும். என்னைத் தோளில் தூக்கிக்கொண்டால் அதைத் தடவிக்கொண்டே வருவேன்.

ஒரு மழைக்காலத்தில், மலைக்காய்ச்சலோடு மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனவர் திரும்பி வரவில்லை. வழியில் விழுந்துவிட்டார், பிணத்தை இறக்கிக் கொண்டுவர வழி இல்லாமல் அங்கேயே அடக்கம் செய்துவிட்டோம் என்று கூடப் போன சுப்பையா சித்தப்பா வந்து சொன்னார். சொல்லும்போது அவர் கையில், மூட்டைக்கு அடியில் அப்பா தலையில் வைத்துக்கொள்ளும் சும்மாடு இருந்தது. ஆத்தா அதை வாங்கி முகத்தில் ஒற்றிக்கொண்டாள். அதன்பிறகு மலைப்பக்கம் அவள் ஒரு அடி எடுத்து வைத்ததில்லை.

எங்களை வளர்க்க, வண்டிக்காரர்களுக்கென்று குரங்கணியில் ஒரு சோற்றுக்கடை போட்டாள். கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு, மோர். அதோடு, சுற்றுவட்டாரத்தில் எந்தப் பெண்ணுக்கு நோவு எடுத்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். குழந்தை வயிற்றுக்குள் எப்படித் திரும்பிக் கிடந்தாலும் அவள் விரல்கள் வழி கண்டுபிடித்துவிடும்.

தானாகப் போன மூட்டைகள்

அப்பா போன மறுவருஷம் மலையில் கம்பங்கள் நட்டார்கள்.

முதல் தொட்டி மேலே போன அன்று குரங்கணியில் யாரும் வேலைக்குப் போகவில்லை. ஒரு அரிசி மூட்டை மரங்களுக்கு மேலே, தன்னந்தனியாக, யாருக்கும் பாரமில்லாமல் மிதந்து போனது. கொஞ்ச தூரம் வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் மேகத்துக்குள் நுழைந்து மேகமாகவே ஆகிவிட்டது.

அன்றிலிருந்து எங்கள் பள்ளத்தாக்கின் நடை மாறிப்போயிற்று. மலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குட்டி ரயில் தேயிலைப் பெட்டிகளை டாப் ஸ்டேஷனில் கொண்டுவந்து தள்ளும். விஞ்சு அவற்றைக் குரங்கணியை ஒட்டிய கோட்டகுடிக்கு இறக்கும். அங்கே வண்டிகள் காத்துக்கிடக்கும். பெரிய ரயிலைப் பிடிக்க அம்மையநாயக்கனூர் வரை அந்த மாடுகள் போக வேண்டும். போடியில் புதுச் சரக்குக் கிட்டங்கிகள் எழும்பின. எங்கள் கடையில் அடுப்பு அணைய நேரமில்லை. சுமைக்காரர்களில் சிலர் விஞ்சிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். சிலர் குடும்பத்தோடு எஸ்டேட்டுக்கு ஏறிப் போனார்கள். மலைப்பாதையில் புல் முளைத்தது.

ஆத்தா மட்டும் விஞ்சை நிமிர்ந்து பார்க்க மாட்டாள். கடைவாசல் மலையைப் பார்த்து இருந்தது. அதை அடைத்துவிட்டு, ஆற்றுப்பக்கம் புதுவாசல் வைத்தாள். உயரம் என்றால் அவளுக்குப் பயம் என்று ஊரே சொன்னது. நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

அந்த விஞ்சில்தான் நாராயணன் ஃபிட்டராக வந்து சேர்ந்தார். திருவிதாங்கூர்ப் பக்கத்துக்காரர். கம்பங்களில் ஏறிச் சக்கரங்களுக்கு மசகு போடுவது அவர் வேலை. எங்கள் கடைக்குச் சாப்பிட வருவார். குழம்பின் காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீரோடு உட்கார்ந்திருப்பார். கேட்காமலேயே அக்கா அவருக்குக் கூடுதலாக மோர் ஊற்றுவாள்.

விஷயம் தெரிந்ததும் ஆத்தா ஒரே வார்த்தையில் முடித்தாள். "கம்பிக்காரனுக்கு எம்மக கெடையாது."

"அவரு கொணம் எப்படின்னு ஒனக்கே தெரியும்ல ஆத்தா? வேற என்ன கொறை கண்ட?" என்றாள் அக்கா.

"கம்பிக்காரன். அதான் கொறை."

அக்கா அழவில்லை, சண்டை போடவில்லை. ஒரு விடிகாலையில் கிளம்பி மலைப்பாதையில் ஏறிப் போய்விட்டாள். மலைமேல் ஒரு கோயிலில் கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டோம். அன்றைக்கு ஆத்தா வழக்கம்போலச் சோறு போட்டாள். குரல் மட்டும் கொஞ்சம் பெரிதாக இருந்தது.

அக்கா எங்களை விடவில்லை. இறங்கிவரும் தொட்டியில் எனக்கென்று ஏதாவது வைத்து அனுப்பிக்கொண்டே இருப்பாள். ஈரப்பாசியில் பொதிந்த ஆரஞ்சுப் பழம், பெயர் தெரியாத நீலப் பூ. ஒருமுறை ஆலங்கட்டியை இலையில் மடித்து அனுப்பியிருக்கிறாள். எனக்கு வந்து சேர்ந்தது நனைந்த இலை மட்டும். ஆனாலும் அந்த இலை அத்தனை குளிர்ச்சி! கன்னத்தில் வைத்துக்கொண்டு நின்றேன்.

பழங்களை ஆத்தா வாங்கி வண்டிக்காரர்களுக்கு உரித்துக் கொடுத்துவிடுவாள். ஒரு சுளை தன் வாயில் போட்டதில்லை.

எத்தனை மூட்டை ஏறும்?

விஞ்சில் ஏறிய அன்றைக்கு உச்சிப்பொழுது. ஆத்தா களி கிண்டிக்கொண்டிருந்தாள். சுப்பையா சித்தப்பா நனைந்த கோழியாக ஓடிவந்தார்.

"மதினி, மேலேருந்து போன் வந்திருக்கு. பேச்சிக்கு முடியல."

விஞ்சு ஸ்டேஷனில் கைப்பிடியைச் சுற்றிப் பேசுகிற போன் ஒன்று இருந்தது. ஆத்தா களித்துடுப்பைக் கீழே வைக்க மறந்துவிட்டாள்; ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோதும் அது அவள் ஒரு கையில் இருந்தது, மறுகையில் மருந்து மூட்டையும் பழந்துணியும். போனைக் காதில் வைக்க அவளுக்குப் பழக்கமில்லை. நான் வாங்கிப் பேசினேன்.

"அம்மைகிட்ட சொல்லு. நேத்து தொட்டு வேதனையா இருக்கு. கொச்சு எறங்கல" என்றார் நாராயணன். அவர் தமிழும் மலையாளமும் பயத்தில் ஒன்றோடொன்று குழம்பின. எஸ்டேட் கம்பவுண்டர் ஆற்றுக்கு அந்தக் கரையில் மாட்டிக்கொண்டார். தண்டவாளத்தை மண் மூடிவிட்டது. இந்தப் பக்கம் பாதை இல்லை. "அம்மையக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கரயுறா" என்றார். கரைவது என்றால் அவர்கள் பேச்சில் அழுவது, கொச்சு என்றால் குழந்தை.

நான் அப்படியே சொன்னேன்.

"தலை எந்தப் பக்கம் இருக்குன்னு கேளு."

கேட்டேன். "அவருக்குச் சொல்லத் தெரியல ஆத்தா."

"பாதை?"

"பாதையே இல்ல மதினி. வெட்டிச் சரியாக்க தை மாசம் ஆயிரும்" என்றார் சுப்பையா சித்தப்பா.

ஆத்தா வெளியே வந்து மழையில் நின்றாள். பிறகு தலையை நிமிர்த்தினாள். அவள் அந்தக் கம்பியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அடிவாரத்துச் சக்கரத்தில் தொடங்கி, அது மேகத்துக்குள் மறையும் இடம் வரை, ஒவ்வொரு கம்பமாகப் பார்த்தாள்.

"இதுல எத்தனை மூட்டை ஏறும்?" என்று கேட்டாள்.

மேகத்துக்குள்

முதலில் ஆற்றின் சத்தம் கீழே இறங்கிப் போனது. பிறகு மரங்களின் உச்சிகள் எங்கள் காலடியில் வந்தன. மேலிருந்து மட்டுமே பார்க்கக்கூடிய பூக்களை அன்றுதான் பார்த்தேன். ஒரு மந்திக்கூட்டம் நனைந்து ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. எங்களுக்குக் கீழே, மரத்துச்சியில், ஏதோ எங்கள் வீட்டுக் கூரைமேல் இருப்பது போல. இறங்கிவரும் தொட்டிகள் தேயிலை வாசனையோடு பக்கத்தில் வந்து, சத்தமில்லாமல் கடந்து, பின்னால் போயின.

கம்பத்தைத் தாண்டும்போதெல்லாம் தொட்டி தூக்கிப்போடும். ஆத்தா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள். வளையல் உடைந்து அவள் உள்ளங்கையில் குத்தியும் பிடியை விடவில்லை.

நடுவழியில், சென்ட்ரல் ஸ்டேஷன் என்கிற விஞ்சு நிறுத்தத்தில், தொட்டியை அடுத்த வடத்துக்கு மாற்றித் தள்ளிவிட வேண்டும். அங்கே நின்றவர் எங்களைப் பார்த்தார். கண்ணைக் கட்டிய ஒரு பெண், மடியில் விளக்கெண்ணெய்ப் புட்டி. ஒன்றும் கேட்காமல், தன் தலையிலிருந்த கோணிக் கொங்காணியைக் கழற்றி எங்கள் மேல் போர்த்தித் தள்ளிவிட்டார்.

அதற்கு மேலே மேகம். மழை இல்லை, காற்றில் தண்ணீர் இருந்தது. கண்ணிமையில் அது துளித்துளியாகச் சேர்ந்தது. கீழும் மேலும் போய், நாங்களும் தொட்டியும் தலைக்கு மேல் ஒரு முழம் கம்பியும் மட்டும் மிச்சம்.

தொட்டி நின்றது.

மெல்ல ஆடிக்கொண்டு, ஒன்றுமில்லாத இடத்தில் தொங்கினோம். எங்கோ ஒரு பறவை கூப்பிட்டது. அது எங்களுக்கு மேலேயா கீழேயா என்றுகூடத் தெரியவில்லை.

"நின்னுருச்சா?"

"ஆமா ஆத்தா."

"எம்புட்டு ஒசரத்துல இருக்கோம்?"

"தெரியல. சுத்தி வெள்ளையா இருக்கு. வேற ஒண்ணும் இல்ல."

ஆத்தா கண்கட்டை அவிழ்த்தாள். வெகுநேரம் அந்த வெண்மையைப் பார்த்தாள். அவள் முகத்தில் பயம் இருக்குமென்று நினைத்தேன். இல்லை.

"இந்தக் குளிருலதான் ஒங்கப்பன் மூட்டையோட நடந்தானா?" என்றாள்.

நான் கோணியை அவள் தோள்மேல் இழுத்துவிட்டேன்.

"அந்த மனுசன் செத்து மறுவருசம் கம்பத்த நட்டானுக. ஒரே ஒரு வருசம் முந்தி நட்டிருந்தா என்ன? மூட்டை தன்னால போறதப் பாக்கையில எல்லாம் எனக்கு வயிறு எரியும்டி. இவ்வளவு லேசான சோலியா இது? இதுக்கா ஒரு மனுசன் செத்தான்?"

"ஒனக்குப் பயம்னு நெனச்சோம் ஆத்தா."

"எனக்கென்ன பயம். கம்பி சுமக்குறதப் பாக்க மாட்டாமத்தான் கண்ணக் கட்டுனேன்."

"அக்காகிட்ட இதச் சொல்லியிருக்கலாம்ல?"

"என்னன்னு சொல்ல? அரிசி மூட்டை மேல பொறாமைன்னா?"

சொல்லிவிட்டுச் சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அவள் அழுதாளா, மேகம் முகத்தில் படிந்ததா, என்னால் சொல்ல முடியாது. நான் அவள் பக்கமாகச் சாய்ந்தேன். தொட்டி சாய்ந்தது. "ஆடாம இருடி, ரெண்டு பேரையும் கவுத்துறாத" என்று அதட்டினாள். ஆனால் என் தலையைத் தன் தோளில் வைத்துக்கொண்டாள்.

கம்பத்தின் மேல் ஒருவர்

எவ்வளவு நேரம் அப்படித் தொங்கினோமோ. ஒரு குலுக்கல். தொட்டி மறுபடி நகர்ந்தது, ஆனால் மாட்டுவண்டியைவிட மெதுவாக.

முன்னால் மேகத்துக்குள் ஒரு கம்பம் கறுத்துத் தெரிந்தது. அதன் உச்சியில் யாரோ ஒருவர் இருந்தார். கால்களால் கம்பத்தைக் கவ்விக்கொண்டு, இடுப்பில் கயிறு கட்டி, மசகு வழிந்த கைகளால் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு.

காற்றில் வடம் சக்கரத்திலிருந்து நழுவியிருக்கிறது. அதனால்தான் விஞ்சை நிறுத்தியிருக்கிறார்கள். நோவில் கிடக்கும் அக்காவை அடுத்த வீட்டுப் பெண்களிடம் விட்டுவிட்டு, நாராயணன் கம்பத்தில் ஏறி வடத்தைச் சக்கரத்தில் ஏற்றியிருக்கிறார். ஏற்றிவிட்டு இறங்கவும் இல்லை. எங்கள் தொட்டி அதைத் தாண்டும்போது வடம் மறுபடி நழுவிவிடக் கூடாதென்று அங்கேயே காத்திருந்தார்.

தொட்டி கம்பத்தை நெருங்கியது. ஆத்தாவும் அவரும் கைக்கெட்டும் தூரத்தில். மாமியாரும் மருமகனும் முறையாகச் சந்தித்தது அங்கேதான்.

"அம்மே, தலையக் குனிச்சோ" என்றார் அவர்.

ஆத்தா குனியவில்லை. அவர் முகத்தையே பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. 

"கீழ விழுந்துறாதய்யா" என்றாள். "எம்மகளுக்கு ஒன்ன விட்டா யாரு இருக்கா?"

அவர் தொட்டியின் இரும்புக் கையைப் பிடித்துச் சக்கரத்தின் மேல் பூப்போலத் தள்ளிவிட்டார். தொட்டி அந்தப் பக்கம் இறங்கியது. திரும்பிப் பார்த்தபோது மேகம் அவரை மூடிவிட்டிருந்தது.

மேலே வீட்டில் அக்கா பாயில் கிடந்தாள். ஆத்தாவைப் பார்த்ததும் வாய் கோணியது. "வந்துட்டியா?" என்றாள்.

"வராம? பேசாத. பேசுற தெம்ப மிச்சம் வையி" என்றாள் ஆத்தா. கைகளில் விளக்கெண்ணெயைத் தடவினாள்.

குழந்தை குறுக்கே கிடந்தது. ஆத்தா கண்களை மூடிக்கொண்டு, வயிற்றின் மேல் கைவைத்து, வெளியிலிருந்தே அதனோடு பேசிப்பேசித் திருப்பினாள். நான் தண்ணீர் காய வைத்தேன், விறகு ஈரம், புகை கண்ணைக் கரித்தது. விளக்கு வைக்கும் நேரத்தில் குழந்தை அழுதது. பெண். வாசலில் மசகுக் கையோடு நின்ற நாராயணன் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அப்புறம் வந்தவை

ஆத்தா இறங்கவில்லை. "அந்தத் தொட்டியில இன்னொரு தடவ ஏற மாட்டேன்" என்றாள் முதலில். தை மாதம் பாதை சரியானதும், "பிள்ளைக்குப் பல்லு மொளைக்கட்டும்" என்றாள். பல்லும் முளைத்து, அதற்கு ஒரு தம்பியும் பிறந்தான். குரங்கணிக் கடையை நான் பார்த்துக்கொண்டேன்.

சில வருஷங்கள் கழித்துப் பெருவெள்ளம் வந்தது. மலைமேல் ஓடிய குட்டி ரயிலைத் தண்டவாளத்தோடு அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலை வேறு வழி பார்த்துக்கொண்டது. விஞ்சு ஓய்ந்தது. அக்கா குடும்பமும் ஆத்தாவும் பாதையில் நடந்தே இறங்கிப் போடியில் குடியேறினார்கள்.

அதற்குச் சில வருஷங்களில் போடிக்கே ரயில் வந்தது. அம்மையநாயக்கனூர் வண்டிகள் நின்றன; என் கடைக்கு ஆள் குறைந்தது; நானும் கடையைக் கட்டிவிட்டுப் போடிக்கு வந்தேன். மலைக்கு ஏறும் மெட்டுச் சாலையில் பஸ்சும் லாரியும் ஏறத் தொடங்கியபோது, குரங்கணிப் பக்கம் என்ன இருந்தது என்று கேட்பதற்குக்கூட ஆளில்லை. எங்கள் வாழ்க்கையில் யாரோடு யார் சேர்ந்தோம், எந்த ஊரில் உலை வைத்தோம் என்பதையெல்லாம், சரக்கு எந்த வழியாகப் போயிற்றோ அந்த வழிதான் தீர்மானித்தது.

இப்படி வருஷங்களைத் தாண்டி ஓடிவந்துவிட்டேன். சொல்ல நினைத்தது அந்தத் தை மாதத்து நாளைப் பற்றி.

கல் மேடு

பாதை வெட்டி முடிந்ததும் என்னை அழைத்துப்போக சுப்பையா சித்தப்பா மேலே வந்தார். வெயில் இளசாக அடித்தது. கொஞ்ச தூரம் கூட வருகிறேன் என்று ஆத்தாவும் கிளம்பினாள். அவளும் சித்தப்பாவும் முன்னால் நடந்தார்கள். ஏதோ கேட்டாள், அவர் தலையை ஆட்டினார்.

ஒரு வளைவில் சித்தப்பா நின்றார். பாதையோரம், பெரணிச் செடிகளுக்கு நடுவே, இடுப்பளவுக்கு ஒரு கல் மேடு. பாசி படிந்திருந்தது.

"இந்த எடந்தான் மதினி. போறவுக வர்றவுக எல்லாம் ஆளுக்கொரு கல்லு வெச்சோம். விஞ்சு வந்த பெறகு கல்லு வைக்க ஆளில்லாமப் போச்சு."

ஆத்தா சுற்றுமுற்றும் தேடி ஒரு கல்லை எடுத்து வந்தாள். உச்சியில் அது நிற்கவில்லை, உருண்டது. மறுபடி எடுத்து, வாகு பார்த்து, அழுத்தி வைத்தாள். நானும் ஒன்று வைத்தேன். பிறகு அவள் பக்கத்தில் உட்கார்ந்து, முந்தானையால் பாசியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

"நீங்க முன்னாடி போங்க. நான் செத்த நேரம் பேசிட்டுத் திரும்பிப் போறேன்."

நாங்கள் நடந்தோம். அடுத்த வளைவு திரும்பும்போது அவள் குரல் தெளிவாகக் கேட்டது.

"இந்தா, ஒமக்குப் பேத்தி பொறந்திருக்கா. மூக்கு அப்படியே ஒம்ம மூக்கு. அவளப் பாக்க நான் எப்படி வந்தேன் தெரியுமா? சொன்னாச் சிரிப்பீரு..."

அப்புறம் சிரிப்புச் சத்தம் வந்தது. அப்பா பேச்சை எடுத்தால் ஆத்தா அழுதுதான் பார்த்திருக்கிறேன். அன்று அவள் மூச்சு வாங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள். சித்தப்பா என் தோளைத் தொட்டு, நிற்காமல் நடக்கும்படி சைகை காட்டினார்.